சத்தமில்லாத வண்டியும் நாலாம் நம்பரும்

ஊசிப்பாளையத்துக்காரர்களைப் பற்றி வெளியூரில் சொல்வதை எல்லாம் அப்படியே நம்பிவிடாதீர்கள். பாதியை நம்பினால் போதும். மீதி, அங்கே போய் யாரிடமாவது வழி கேட்டால் தானாக விளங்கிவிடும்.

அந்த ஊரில் சோம்பேறி கிடையாது, அயோக்கியனும் கிடையாது. சொன்ன பேச்சைத் தட்டுகிற பழக்கம் அவர்கள் பரம்பரையிலேயே இல்லை. சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்வார்கள். சொன்னவர் மனதில் என்ன நினைத்துச் சொன்னார் என்பது சொன்னவர் பாடு.

ஊசிப்பாளையம் மெட்ரிக் பள்ளியின் பஸ் டிரைவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் வண்டிகளை ஆய்வு செய்ய வந்த அதிகாரி, முதலுதவிப் பெட்டி எப்போதும் டிரைவர் கண்ணில் பட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மாரப்பன் என்கிற இளவட்ட டிரைவர் அந்தப் பெட்டியை முன்கண்ணாடிக்கு நடுவில், தன் மூக்குக்கு நேராகக் கட்டித் தொங்கவிட்டான். ரோடு தெரிகிறதா என்று கேட்டார்கள். ரோட்டைப் பற்றி அதிகாரி ஒன்றும் சொல்லவில்லையே என்றான். அவன் சொன்னதில் யாராலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

டிரைவர்களில் மூத்தவர் நாச்சிமுத்து. பத்தொன்பது வருஷமாக நாலாம் நம்பர் பஸ்தான் அவருக்கு உலகம். கரட்டூர், செங்காட்டுவலசு, மொட்டக்கிணறு என்று மூன்று ஊர் சுற்றி நாற்பத்திரண்டு பிள்ளைகளை ஏற்றி வருவார். நாலாம் நம்பரின் சைலன்சரில் முஷ்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை. அது கரட்டூர் மேட்டில் ஏறுகிற சத்தம் கேட்டதும் செங்காட்டுவலசில் அம்மாக்கள் சடை பின்ன ஆரம்பிப்பார்கள். பாலத்தருகே கியர் மாறுகிற சத்தத்துக்குப் பிள்ளையின் வாயில் கடைசி இட்லியைத் திணிப்பார்கள். அந்த லைனில் கடிகாரம் பார்த்துப் பிள்ளையை அனுப்பியவர் ஒருவரும் இல்லை.

இந்த நிலையில்தான் பள்ளித் தாளாளர் மரகதவல்லி அம்மா ஒரு கரண்டு பஸ் வாங்கினார். பக்கத்து ஊர்ப் பள்ளியில் நீச்சல் குளம் கட்டிவிட்டார்கள். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் அல்லவா? முதலில் ஒரு வண்டி, அது ஒழுங்காக ஓடினால் எல்லா வண்டியும் கரண்டு வண்டி என்று முடிவாயிற்று. நாலாம் நம்பர் ஷெட்டின் மூலைக்குப் போனது. அடுத்த மாதம் அதைப் பழைய இரும்புக்குப் போடுவதாகப் பேச்சு. நாச்சிமுத்து அதன் பானெட்டை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு, கண்ணில் தூசி விழுந்ததாக எல்லோரிடமும் தானாகப் போய்ச் சொன்னார்.

பயிற்சி கொடுக்க வந்த ஆள் இரண்டு மணி நேரம் பேசினார். நாச்சிமுத்து அதில் தனக்குப் புரிந்ததை மட்டும் டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். பிரேக் அழுத்தினால் சார்ஜ் ஏறும். சார்ஜ் இருபதுக்குக் கீழே போகவே கூடாது. நூறு ஆனதும் கழற்றிவிட வேண்டும். கடைசியாக, சந்தேகம் வந்தால் உங்கள் செல்போனை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்களோ அப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அந்த மனுஷன் நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்தார்.

தாளாளர் அம்மா தன் பங்குக்கு இரண்டு கட்டளை போட்டார். புது வண்டியை நாச்சிமுத்து மட்டும்தான் ஓட்ட வேண்டும். அப்புறம், "இந்த வண்டியோட பெருமையே சத்தமில்லாததுதான். இதுல இருந்து ஒரு சத்தம் வெளிய கேக்கப்படாது, பாத்துக்கங்க."

நாச்சிமுத்து பார்த்துக்கொண்டார். ஹாரன் ஒயரைப் பிடுங்கினார். கதவு கிறீச்சிட்ட இடத்தில் விளக்கெண்ணெய் விட்டார். வண்டியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற துளசிமணியின் கொலுசைக் கழற்றச் சொன்னார். அவரே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார்.

திங்கட்கிழமை காலை புது பஸ் கரட்டூருக்குப் போனது, செங்காட்டுவலசுக்குப் போனது, மொட்டக்கிணற்றுக்கும் போனது. அது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாச்சிமுத்து ஐந்து நிமிஷம் காத்திருந்தார். வீட்டுக்குள் பிள்ளைகள் சீருடையோடு சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில் மூன்று பேர்தான் தேறினார்கள். அதிலும் ஒரு பையன் ஒன்றுக்குப் போக வேலியோரம் வந்தவன். செருப்பில்லை, பையில்லை, பாதியில் நிறுத்திய காரியத்தோடு வண்டியில் ஏற்றப்பட்டான்.

அன்றைக்கு அலுவலக போனில் முப்பத்தொன்பது பெற்றோர் மாறி மாறிப் பேசினார்கள். தாளாளர் அம்மா டிரைவர்கள் மூவரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"வெள்ளிக்கிழமை காலைல மணி அடிக்கறதுக்குள்ள நாப்பத்திரண்டு பிள்ளைகளும் புது வண்டில இருந்து எறங்கோணும். ஒண்ணு கொறஞ்சாலும் கோயமுத்தூர்ல இருந்து கரண்டு வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆளுகளக் கூட்டியாந்துருவேன். நீங்க மூணு பேரும் வீட்டுல இருக்கலாம்."

"யாரு வீட்டுலீங் மேடம்?" என்று மாரப்பன் பணிவாகக் கேட்டான்.

வீட்டில் இருப்பது எப்படி என்றே நாச்சிமுத்துவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட ஆறரை மணிக்குக் கட்டிலில் படுத்தபடியே இடது காலால் கிளட்ச்சை அமுக்குகிற மனுஷன் அவர். தன் வண்டியில் ஐந்தாம் வகுப்புக்கு ஏறிய பெண்கள் இப்போது தங்கள் பிள்ளைகளை ஏற்றிவிட்டு, "பாத்துக் கூட்டிப்போங் மாமா" என்கிறார்கள். அவர்களிடம் போய் எந்த முகத்தோடு சொல்வது?

அன்று மத்தியானம் ஷெட்டில் ஆலோசனை நடந்தது. நாச்சிமுத்து, மாரப்பன், துளசிமணி, அப்புறம் தங்கவேலு. தங்கவேலு மூன்றாவது டிரைவர். அதிகம் பேசமாட்டார். அதனால் ஊரில் அவருக்கு அறிவாளி என்று பெயர்.

பிரச்சினை என்ன என்பதிலேயே முதல் ஒரு மணி நேரம் போனது. சத்தம் வேண்டும். ஆனால் வண்டியிலிருந்து சத்தம் வரக்கூடாது. துளசிமணிதான் வழி சொன்னாள். சத்தம் வண்டிக்கு வெளியே இருந்தால் கட்டளை மீறியதாக ஆகாது. தான் மொபெட்டில் முன்னால் போய் ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே போவதாகச் சொன்னாள். எல்லோரும் அவளை மெச்சினார்கள்.

செவ்வாய்க்கிழமை துளசிமணி தட்டைத் தட்டிக்கொண்டு முன்னால் போக, புது பஸ் பின்னால் போனது. மூன்று ஊரிலும் வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. அந்தப் பக்கம் தட்டைத் தட்டிக்கொண்டு வருகிறவர் பழைய பாத்திரம் வாங்குகிற வியாபாரி ஒருவர்தான் என்பது துளசிமணிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. புது பஸ் எட்டே முக்காலுக்குப் பள்ளிக்குள் நுழைந்தபோது அதில் பதினோரு ஓட்டைக் குண்டா, இரண்டு நசுங்கிய சொம்பு, பிடி போன ஒரு இட்லிச் சட்டி, நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். இட்லிச் சட்டிக்காரம்மா மாற்றுப் பாத்திரம் கேட்டு மத்தியானம் வரைக்கும் பள்ளி வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"அவிய காது அந்தச் சத்தத்துக்குப் பழகலீங்ணா," என்றான் மாரப்பன். "நாலாம் நம்பர் சத்தமே வேணுமாட்ட இருக்குது."

நாச்சிமுத்து ஷெட்டின் மூலையைப் பார்த்தார். நாலாம் நம்பர் தூசி படிந்து நின்றது. அவர் நெஞ்சில் ஏதோ ஒன்று மெல்ல ஸ்டார்ட் ஆனது.

"அது முன்னால போகட்டும்," என்றார். "சத்தம் அதுலிருந்து வருது. புது வண்டி வாயத் தொறக்கறதில்ல. மேடம் சொன்னதும் ஆச்சு, பிள்ளைகளுக்குக் கேட்டதும் ஆச்சு."

தங்கவேலு நெடுநேரம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது.

புதன்கிழமை மாரப்பன் தன் லைனைத் தங்கவேலுவிடம் விட்டுவிட்டு நாலாம் நம்பரை ஓட்டிக்கொண்டு முன்னால் போனான். கரட்டூர் மேட்டில் அது போட்ட சத்தத்தில் செங்காட்டுவலசே உயிர் பெற்றது. சடைகள் பின்னப்பட்டன, இட்லிகள் திணிக்கப்பட்டன. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். வந்தவர்கள், வழக்கம்போலத் தங்கள் முன்னால் வந்து நின்ற நாலாம் நம்பரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பின்னால் நின்ற புது வண்டியில் நாச்சிமுத்துவும் துளசிமணியும் மட்டும் இருந்தார்கள். "இதுல வாங்க கண்ணுகளா" என்று கூப்பிடத் துளசிமணிக்கு ஆசைதான். ஆனால் வண்டியிலிருந்து சத்தம் வெளியே கேட்கக்கூடாதே. கையை மட்டும் ஆட்டினாள். பிள்ளைகளும் அவளுக்குக் கையை ஆட்டினார்கள்.

அன்று சாயங்காலம் நாலாம் நம்பரின் கதவை ஆணி அடித்து மூடினார்கள். மாரப்பன் ஏறி இறங்குவதற்கு அவன் பக்கத்து ஜன்னலை விட்டுவைத்தார்கள்.

வியாழக்கிழமை நாற்பத்திரண்டு பேரும் புது வண்டியில் ஏறினார்கள். நாச்சிமுத்து கண்ணாடியில் பார்த்து எண்ணினார், சரியாக இருந்தது. ஆனால் சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை. மொட்டக்கிணறு தாண்டியதும் பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். அரை மைல் போவதற்குள் பின் சீட்டில் இருவர் சண்டை போட்டு, ஒருத்தி அழுது, அவளுக்காக நால்வர் அழுது, புது வண்டி சந்தைக்கடை ஆகிவிட்டது. நாச்சிமுத்து ஜன்னலுக்கு வெளியே காதை நீட்டினார். இந்தச் சத்தம் வெளியே கேட்கிறதா இல்லையா?

துளசிமணி சமயோசிதக்காரி. நாச்சிமுத்துவை ஒரு மளிகைக் கடை முன்னால் நிறுத்தச் சொல்லி, ஒரு டப்பா கமர்கட்டு வாங்கி ஆளுக்கொன்று வாயில் போட்டாள். பாகு முறுகிய கமர்கட்டு. கடித்தால் பல் பிரியாது. பள்ளி சேரும் வரை வண்டியிலிருந்து ஒரு மூச்சு கூட வெளியே கேட்கவில்லை. காலை வணக்கக் கூட்டத்தில் அந்த நாற்பத்திரண்டு பேரும் வாழ்த்துப் பாடலை மூக்கால் பாடினார்கள். முதல் பீரியடில் வாய்ப்பாடு கேட்ட டீச்சர், கரட்டூர் லைன் பிள்ளைகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்.

ஆக எல்லாம் கைகூடிவிட்டது. சத்தம் முன்னால், பிள்ளைகள் பின்னால், வாயில் கமர்கட்டு. வெள்ளிக்கிழமை இதையே இன்னொரு தடவை செய்தால் போதும். வேலை நிலைத்துவிடும். நாச்சிமுத்து நாலு நாளில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு வண்டியில் ஏறிப் பார்த்தால், சார்ஜ் இருபத்திரண்டு.

இரண்டு நாளாக வண்டிக்குச் சார்ஜே போடவில்லை. அந்தப் பொறுப்பு தங்கவேலுவுடையது. நாச்சிமுத்து அவரைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். தங்கவேலு அந்த வாரத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"போன் மாதிரி பாத்துக்கோணும்னு சொன்னாங்கல்ல," என்றார். "என்ற போனுக்கு ராத்திரி பூராச் சார்ஜ் போட்டுப் பேட்டரி உப்பிப்போச்சு. அதுல இருந்து நான் போனுக்கு வாரத்துக்கு ரெண்டு நாள்தான் போடறது."

இதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? இனி சார்ஜ் போடலாம் என்றால் நேரமில்லை. ஓட்டலாம் என்றால் கரட்டூர் மேடு ஏறுவதற்குள் இருபதுக்குக் கீழே போய்விடும். போகவே கூடாது என்பது உத்தரவு.

நாச்சிமுத்து படியில் உட்கார்ந்துவிட்டார். கோயமுத்தூர் ஆட்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தன் சீட்டில் உட்காருவது அவர் கண்முன் தெரிந்தது. "போச்சு மாரப்பா," என்றார். "பத்தொம்போது வருசம். எல்லாம் போச்சு."

மாரப்பன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நாலாம் நம்பரைப் பார்த்தான். பிறகு புது வண்டியைப் பார்த்தான்.

"ஏனுங்ணா, அது எப்படியும் முன்னாலதான போகுது?"

"ஆமா."

"இது எப்படியும் பின்னாலதான வருது?"

"ஆமா."

"அப்ப இது எதுக்குங்ணா தனியா ஓடோணும்?"

உடற்பயிற்சி ஆசிரியரின் அறையிலிருந்து, விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கிற கயிற்றைக் கொண்டு வந்தார்கள். ஒரு முனையை நாலாம் நம்பரின் பின்னாலும் மறுமுனையைப் புது வண்டியின் முன்னாலும் கட்டினார்கள். ஏழு மணிக்குக் கிளம்பியாயிற்று.

கரட்டூர் மேடு இறங்கும்போது முன்வண்டியில் இடித்துவிடுமோ என்று பயந்து நாச்சிமுத்து பிரேக்கை அழுத்தினார். இருபத்திரண்டு இருபத்துமூன்று ஆனது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். பிரேக் அழுத்தினால் சார்ஜ் ஏறும். டிரிப் ஷீட்டின் பின்பக்கம் அவரே எழுதிய எழுத்து. அதன் பிறகு அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

முன்னால் நாலாம் நம்பர் முக்கியது, முனகியது, கரும்புகையாகக் கக்கியது. அதன் சத்தம் இருமடங்கானது. மொட்டக்கிணற்றுப் பிள்ளைகள், வண்டி செங்காட்டுவலசுக்கு வருவதற்கு முன்பே ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். மாரப்பன் ஆக்சிலரேட்டரை அமுக்க, நாச்சிமுத்து பிரேக்கை அமுக்க, இரண்டு வண்டியும் நத்தையாக ஊர்ந்தன. துளசிமணி ஒரு கையால் கமர்கட்டு கொடுத்துக்கொண்டும், மறு கையால் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டும் வந்தாள். நாச்சிமுத்துவுக்கு ஒரு பக்கம் மணி, ஒரு பக்கம் சார்ஜ்.

பள்ளி வாசலில் தாளாளர் அம்மா நின்றிருந்தார். மணியின் பக்கத்தில் பியூன் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு நின்றார். முதலில் நாலாம் நம்பர் உள்ளே வந்தது. பிறகு கயிறு வந்தது. கயிறு வெகுநேரம் வந்தது. அதன் பிறகு புது வண்டி, ஒரு சத்தமும் இல்லாமல்.

துளசிமணி கதவைத் திறந்து ஒவ்வொருவராக இறக்கினாள். தாளாளர் அம்மா விரல் விட்டு எண்ணினார். நாற்பத்தொன்றாவதாக ஒரு பெண். நாற்பத்திரண்டாவதாக, திங்கட்கிழமை வேலியோரத்தில் பிடிபட்ட பையன், இன்று செருப்பு, பை, டிபன் பாக்ஸ் எல்லாவற்றோடும் இறங்கினான். அவன் கால் தரையில் பட்டதும் மணி அடித்தது.

நாச்சிமுத்து எழுந்து நிற்கப் பார்த்தார். பிரேக்கை அழுத்திய கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதார். சத்தமில்லாமல்தான்.

தாளாளர் அம்மா வண்டிக்குள் ஏறி டிரைவர் சீட்டருகே வந்தார். அவரும் ஊசிப்பாளையத்துக்காரர் என்பதை நான் இதுவரை சொல்லாமல் விட்டுவிட்டேன்.

"காலைல சார்ஜ் எத்தன இருந்துச்சு?"

"இருபத்திரண்டுங் மேடம்."

அவர் குனிந்து பார்த்தார். முப்பத்தொன்று.

"ஓடுனா ஏறுதா?"

"ஆமாங் மேடம். ஓட ஓட ஏறுது."

தாளாளர் அம்மாவின் முகம் பூரித்துப்போனது. அந்த இடத்திலேயே போனை எடுத்து நீச்சல் குளக்காரரைக் கூப்பிட்டு, உங்கள் குளத்தில் தண்ணீர் தானாக ஏறுமா என்று கேட்டார். பிறகு நாச்சிமுத்துவிடம், கோயமுத்தூர் ஆட்கள் வேண்டாம், தினமும் இதே மாதிரியே ஓட்டுங்கள் என்று சொன்னார்.

சொன்ன பிறகு மாற்றுவதாவது? தினமும் இதே மாதிரியே ஓட்டினார்கள். நாலாம் நம்பர் இரும்புக்குப் போகவில்லை. சார்ஜ் போடுகிற மெஷின் சும்மாதானே இருக்கிறது என்று துளசிமணி அதன் மேல் பிள்ளைகளின் ஈரக் குடைகளைக் காயப்போட்டாள்.

அடுத்த வாரம் முடிவதற்குள் சார்ஜ் நூறைத் தொட்டது. அங்கேதான் புதுத் தலைவலி. நூறு ஆனதும் கழற்றிவிட வேண்டும் என்பது உத்தரவு. கழற்றுவதற்கு இருந்தது கயிறு ஒன்றுதான். அதைக் கழற்றினார்கள். கயிறில்லாமல் திங்கட்கிழமை பிள்ளைகளை எப்படிக் கூட்டி வருவது? மறுபடி ஷெட்டில் ஆலோசனை நடந்தது. எப்படியாவது சார்ஜைக் குறைத்தாக வேண்டும் என்று முடிவாயிற்று. சும்மா ஓட்டினால் சீக்கிரம் குறையாது, கனமாக எதையாவது இழுக்க வேண்டும் என்றார் தங்கவேலு. அவர் தலையையும் ஆட்டிவிட்டார்.

அதனால் இப்போது சனிக்கிழமைதோறும் நீங்கள் ஊசிப்பாளையம் பள்ளி மைதானத்தில் பார்க்கலாம். புது வண்டி நாலாம் நம்பரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். நாச்சிமுத்து முன்னால் உட்கார்ந்து ஓட்டுவார். மாரப்பன் நாலாம் நம்பரில் இன்ஜினைப் போடாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பான். மைதானத்தில் கபடி ஆடுகிற பையன்களுக்கு வண்டி வருவது தெரிய வேண்டுமே, அதனால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நாலாம் நம்பரின் சத்தத்தை வாயாலேயே போடுவான்.

வளைவு வரும்போதெல்லாம் நாச்சிமுத்து வெளியே கையை நீட்டிச் சைகை காட்டுவார். உடனே மாரப்பன் ஒரு தடவை மூச்சை இழுத்து, தொண்டையிலேயே கியரை மாற்றுவான்.